அப்பாவின் கருமக்கிரியைக்கு ஓர் அறிவிப்பு

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். பல்கலைக்கழக விரிவுரையாளரான அண்ணன், அப்பாவின் கருமக்கிரியைக்குப் பத்திரிகை அறிவிப்பு எழுதியிருந்தார். தங்கை அதைக் கைப்பேசியில் உரக்கப் படித்தாள்.

“‘தந்தைமை என்னும் சொல்லாடலின் இருப்பும் இன்மையும் ஒன்றையொன்று மறுவாசிப்புக்கு உட்படுத்தும் விளிம்புநிலை வெளியில், நினைவுகூரலின் கூட்டு நிகழ்த்துதலுக்கு அழைக்கிறோம்.’ அண்ணே, அப்பா செத்துட்டாரா, உயிரோட இருக்காரா?”

எண்ணிப் பார்த்தேன். பதினான்கு சொற்கள். பெயர் இல்லை, கிழமை இல்லை, மண்டபம் இல்லை.

“‘இன்மை’ன்னு போட்டிருக்கேனே, மா.”

“அது யாருக்குத் தெரியும்? பிறை ஃபேக்டரியில அப்பாகூட வேலை செஞ்சவங்க இதைப் படிச்சுட்டு எப்படி லா வருவாங்க? புத்தக வெளியீடுன்னு நெனைச்சுக்குவாங்க. அஞ்சு மணிக்குள்ள பேப்பருக்கு அனுப்பணும்.”

மணி நாலே முக்கால். எனக்கே பதற்றமாக இருந்தது.

“எல்லாரையும் மாதிரியா எழுதுறது? ஒரு ஆழம் வேணாமா?”

“ஆழம் வேணாம், அட்ரஸ் வேணும். ‘எங்கள் அப்பா இறந்துவிட்டார்’னு ஆரம்பிங்க.”

அவர் கைப்பேசியை வாங்கி ‘எங்கள் அப்பா’ என்று அடித்தார். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

“அடுத்த சொல் வரலை, மா.”

தங்கை கைப்பேசியை வாங்கி, மீதியைத் தானே அடித்தாள். பெயர், ஞாயிற்றுக்கிழமை, செபராங் ஜெயா மண்டபம், நேரம்.

“மதியச் சாப்பாடு உண்டுன்னு போடவா?”

“போடு. எந்த அழைப்பு வந்தாலும் அப்பா அதைத்தான் மொதல்ல கேப்பாரு.”