மிச்சம் ஒன்பது விரல்

கொத்தனார்: நாலு நம்பர்தான். காதுல வாங்கிக்கயேன்.

மனைவி: வேண்டாம்.

கொத்தனார்: நாலே நாலு...

மனைவி: வேண்டாம்னா வேண்டாம். ஆபரேஷனுக்குப் போற நேரத்துல பேசற பேச்சா இது? காலைத் தூக்குங்க, விரிப்பு சுருண்டு கிடக்கு.

கொத்தனார்: குடலிறக்கம்தானே. சின்ன வேலைன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

மனைவி: சின்ன வேலைன்னா எதுக்குப் போன் திறக்கற நம்பரை எனக்குச் சொல்றீங்க?

கொத்தனார்: சின்ன வேலைன்னு சொல்லித்தான் நானும் எத்தனையோ வீட்டுல சுவத்தை உடைச்சிருக்கேன். உடைச்ச பிறகுதான தெரியும் உள்ள என்ன கிடக்குன்னு.

மனைவி: வாயைக் கழுவுங்க முதல்ல.

கொத்தனார்: கம்பிக்காரனை நினைச்சுப் பாரு.

மனைவி: அவரை எதுக்கு இப்ப இழுக்கறீங்க...

கொத்தனார்: எத்தனை வருஷம் என்கூடக் கம்பி கட்டினவன்! மத்தியானம் சாப்பிட உக்காந்தான், எந்திரிக்கல. போனுக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா இன்னிக்கு வரைக்கும் யாராலயாவது திறக்க முடிஞ்சுதா?

மனைவி: பாவம், அவர் சம்சாரம் தினம் அதுக்குச் சார்ஜ் போட்டுட்டுத்தான் இருக்கா.

கொத்தனார்: பொண்ணு கல்யாணப் படம் மொத்தமும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. சுவத்துல வைக்க ஒரு படம் கிடைக்கல. அடையாள அட்டையில இருந்ததைப் பெருசாக்கி மாட்டியிருக்காங்க. போலீஸ் தேடற ஆளாட்டம் முழிக்கிறான்.

மனைவி: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. பக்கத்துக் கட்டில்காரர் பாக்கறாரு.

கொத்தனார்: போன மாசம் அவனுக்குப் பிறந்தநாளாம், வாழ்த்துச் சொல்லுங்கன்னு எல்லார் போனுக்கும் வருது! வெளியூர்ல இருக்கற பழைய மேஸ்திரி, விஷயம் தெரியாம, நூறு வருஷம் நல்லா இருடான்னு போட்டுவிட்டாரு.

மனைவி: போதும், போதும்... உங்க போன்ல அப்படி என்ன புதையல் இருக்காம்?

கொத்தனார்: பேத்தி முதல்முதலா எந்திரிச்சு நடந்தது இருக்கு. பெரியவன் பேசி அனுப்பினது எல்லாம் இருக்கு. கரண்ட்டு பில்லு கட்டறது, கேஸ் பதியறது ரெண்டும் அதுலதான் ஓடுது. நான் எழுப்பின வீடு ஒவ்வொண்ணும் இருக்கு.

மனைவி: சுவத்தைப் படம் எடுத்து வச்சுக்கற ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தான். என் படம் ஒண்ணாவது இருக்கா?

கொத்தனார்: இருக்கே. நீ பாதி, சுவரு பாதி.

மனைவி: அதானே பாத்தேன். மெயிலுக்கு என்னமோ பண்ணி வச்சாச்சுன்னு சொன்னீங்களே, அது போதாதா?

கொத்தனார்: அது, மூணு மாசம் நான் எட்டியே பாக்கலைன்னா படமெல்லாம் சின்னவளுக்குப் போய்ச் சேர்றதுக்கு.

மனைவி: மூணு மாசமா? மாடி கட்டற சண்டையில என்கிட்ட முகம் கொடுக்காம இருந்தீங்களே, அந்தக் கணக்குல பாத்தா எப்பவோ உங்களை... சே! என் வாயில என்ன வருது பாருங்க.

கொத்தனார்: அதுவரைக்கும் நீ என்ன பண்ணுவ? கரண்ட்டு போச்சுன்னா மூணு மாசம் இருட்டுல உக்காந்திருப்பியா? போன் உன் கையிலதான இருக்கும். கேட்டுக்கயேன்.

மனைவி: மாட்டேன்.

கொத்தனார்: ஏன் இப்படி அடம் பிடிக்கற?

மனைவி: சொல்லிட்டா நீங்க பாட்டுக்கு நிம்மதியாப் படுத்துடுவீங்க. சொல்லாம வச்சிருந்தா... சொல்றதுக்காவது எந்திரிச்சு வந்துதான ஆகணும்.

கொத்தனார்: அந்தத் துண்டை எடு.

மனைவி: எதுக்கு, கண்ணைத் தொடைக்கவா?

கொத்தனார்: ஒண்ணுமில்ல. மருந்து வாடை கண்ணுல ஏறுது.

நர்ஸ்: ஐயா, ரெடியா? வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டியாச்சா? போனையும் அம்மாகிட்ட கொடுத்துடுங்க.

கொத்தனார்: வாங்க மாட்டேங்கறா சிஸ்டர்.

நர்ஸ்: காலையில கீழ காப்பீட்டுக்கு ரேகை வைக்கற மிஷினைப் படாதபாடு படுத்தினது நீங்கதான? பத்து விரலையும் வச்சுப் பாத்தாங்களாம், ஒண்ணையும் எடுக்கலையாம்.

மனைவி: எப்படிம்மா எடுக்கும்? ரேகையெல்லாம் சிமென்ட்டு தின்னுட்டுது. தொட்டுப் பாரு, உப்புத்தாள் தேவலை.

நர்ஸ்: அப்ப போனை எப்படித் திறப்பீங்க?

கொத்தனார்: என் விரலைக் கண்டா அதுக்கு ஆகாது. நம்பரைத்தான் அமுக்கணும். ஆனா... வேற ஒருத்தர் விரலுக்குத் திறக்கும்.

மனைவி: யாரு அந்த ஒருத்தர்?

கொத்தனார்: கையைக் கொடு. அந்தக் கை இல்ல, வலது. கட்டைவிரலை வை.

மனைவி: வச்சா? ...அட! ஐயோ, திறந்துடுச்சு!

நர்ஸ்: அடேங்கப்பா!

மனைவி: இதை எப்பப் பண்ணீங்க?

கொத்தனார்: கம்பிக்காரனை அடக்கம் பண்ணிட்டு வந்த அந்த வாரம். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுப் படுத்திருந்த. கேட்டா ஊரைக் கூட்டுவ. அதான் மெதுவா உன் கையை எடுத்து... வை, எடு, மறுபடியும் வைன்னு அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. நீ அசையணுமே! நல்ல தூக்கம்.

மனைவி: தூக்கமா?

கொத்தனார்: ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. போனை அணைச்சுடாத. அணைச்சுப் போட்டா உன் விரலையும் மதிக்காது, நம்பர் கேக்கும்.

நர்ஸ்: டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு. கட்டிலைத் தள்ளட்டுமா?

கொத்தனார்: தள்ளுங்க சிஸ்டர். ஏய், எதுக்கு அப்படிப் பாக்கற? கேக்காம பண்ணிட்டேன்னு கோவமா?

மனைவி: அன்னிக்கு நான் தூங்கலைங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து, மனுஷன் இன்னிக்குத்தான் ஆசையாக் கையைப் பிடிக்கறாரு, கண்ணைத் திறந்தா விட்டுடுவாருன்னு மூச்சுக்கூடப் பெருசா விடாமக் கிடந்தேன்... போனுக்காகவா பிடிச்சீங்க? இருக்கட்டும், அணைக்காமப் பாத்துக்கறேன். இன்னும் ஒன்பது விரல் மிச்சம் இருக்கு. எந்திரிச்சு வந்து ஒவ்வொண்ணாப் பிடிங்க.