மேல் நோக்கிப் பெய்யும் மழை

— ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையா?

— எங்க மூடினாங்க, திறக்கறதுக்கு? மழை தரையிலேர்ந்து கிளம்பி மேல போச்சு பாருங்க... அப்பத் திறந்த வாய், டிக்கெட்டம்மா. வெளிக்கதவு தாண்டற வரைக்கும் மூடல.

— டார்ச்சை அணைச்சுட்டுப் பேசுங்க. கவுன்ட்டர் கண்ணாடியில பட்டு கண்ணு கூசுது.

— மறந்துட்டேன்... இருட்டுலயே நின்னுட்டு வர்றேன்ல.

— சரி, மழை மேல போச்சு. அப்புறம்?

— அப்புறம் என்ன, முன்வரிசையில ஒரு பெரியவர். மடியில குடை. அதை விரிச்சு, தலைகீழாப் பிடிச்சார்னா பாத்துக்கோங்க.

— பொய்!

— சத்தியமா. பிடிச்சுட்டு, யாரும் பாத்தாங்களான்னு திரும்பிப் பாத்தார். நான் பாக்காத மாதிரி நின்னேன்.

— படத்தைச் சொல்லுங்கன்னா பாக்க வந்தவங்களைச் சொல்றீங்க.

— திரைக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறவன்கிட்ட வேற என்ன கிடைக்கும்? எனக்குப் படம்னா அவங்க மூஞ்சிதான். எல்லா மூஞ்சியும் நீலமாச்சுன்னா கப்பல் கிளம்பிடுச்சு. ஆரஞ்சாச்சுன்னா ஏதோ வெடிச்சிருச்சு. ஒருத்தரும் கண்ணைச் சிமிட்டலைன்னா... அவ ஜன்னல்கிட்ட வந்துட்டான்னு அர்த்தம்.

— அந்த நிலையத்துல தனியா இருக்கறவளா?

— அவளேதான். அவ அங்க, எங்கயோ வானத்துக் கோடியில, ஒரு நிலையத்துக்குக் காவல். இவன் இங்க, மழை மேல போற கிரகத்துல. ரேடியோவுலதான் பேச்சு. அவ ஒண்ணு கேட்டா, அது இவன் காதுக்கு வந்து சேரவே வருஷக்கணக்காகும்.

— இவன் பதில் சொல்லி, அது போய்ச் சேர்றதுக்குள்ள?

— அவளுக்கு நரைக்க ஆரம்பிச்சிடுது.

— பாவம்... சில பேர் கூப்பிடு தூரத்துல நின்னுகிட்டே அவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்க.

— ...யாரைச் சொல்றீங்க?

— பொதுவாச் சொன்னேன். டீ ஆறுது, குடிங்க.

— குடிக்கறேன். உங்க பக்கம் என்ன பேச்சு இன்னைக்கு? எல்லாரும் இந்த வழியாத்தானே போனாங்க.

— ஒருத்தர், "கண்ணுக்கு விருந்து, மண்டைக்குப் பட்டினி"ன்னுட்டுப் போனார். இன்னொருத்தர், "இதுக்கா இவ்வளவு ஆச்சரியம், எங்க தெருக் குழாய்லயும் தண்ணி கீழ வர்றதில்லையே"ன்னார்.

— ஹ... ஹ! அது நல்லாருக்கு.

— புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு. அவ கேக்கறா, "நீங்களும் என்னை விட்டுட்டு அவ்வளவு தூரம் போவீங்களா"ன்னு. அவன் யோசிக்கறான்!

— யோசிச்சானா? கெட்டான்.

— கெட்டான்தான். கைப்பையாலேயே வாங்கிக்கட்டிக்கிட்டான். ஆனா அடிச்சுட்டு அவ அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படியிறங்கினா. அந்தப் படம் பாத்துட்டு வர்றவங்க எல்லாருமே யாரையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க, கவனிச்சீங்களா? தனியா வந்தவங்க கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கறாங்க.

— கவனிச்சேன்... வெளிச்சத்துக்கு வர்றதால தடுமாறுதுன்னு நினைச்சேன்.

— உங்களுக்கு எல்லாமே வெளிச்சமும் இருட்டும்தான்.

— அப்படியில்ல... அந்த மழை இருக்கே, சும்மா தண்ணி மேல போறது இல்லைங்க. முதல்ல ஒரு இலை நுனியில ஒரே ஒரு சொட்டு. கிளம்பலாமா வேண்டாமான்னு தொங்கிட்டு இருக்கும். பிச்சுக்கிட்டு மேல போகும். அது போனதைப் பாத்து அடுத்தது. அப்புறம் காடு முழுக்க. ஒவ்வொரு சொட்டுக்குள்ளயும் அந்த நிலையத்து விளக்கு குட்டியாத் தெரியும்...

— திரைக்கு முதுகைக் காட்டறவருக்கு இலை நுனி எப்படித் தெரிஞ்சுது?

— ...எட்டிப் பாத்தேன். ஒரு தடவை.

— ஓ. எட்டிப் பாத்தீங்க. முடிவையும் எட்டிப் பாத்தீங்களா?

— அதுக்கு ஏது நேரம்? அந்த நேரத்துக்கு நான் வாசல் திரைச்சீலைக்கு வெளிய வந்து, கதவுத் தாழ்ப்பாளை எடுத்துட்டு இருப்பேன். உங்களுக்குத் தெரியாதா என்ன... நீங்க பாத்திருக்கீங்களா?

— நானா! அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கட்டைப் பிரிச்சுட்டு இருப்பேன். எனக்கு எங்க படம்? நீங்க சொல்றதுதான் எனக்குப் படம்.

— அவன் திரும்பி வந்துட்டான்னுதான் எனக்குத் தோணுது. எல்லாரும் அழுதுட்டு வர்றாங்க, ஆனா உதட்டுல சிரிப்பு இருக்கு.

— வராம போனாலும் அப்படித்தான் வருவாங்க. வெளிய வந்து நாலு பேர் பாப்பாங்களேன்னு சிரிச்சு வைக்கறது.

— அப்படியும் இருக்கலாம்.

— ஏசி ரிப்பேர்னு செவ்வாய்க்கிழமை நமக்கு லீவு விட்டாங்களே, நீங்க எங்கயாவது போனீங்களா?

— எங்க போக? வீட்டுல ஒத்தை ஆளு... தூங்கினேன். நீங்க?

— பல் டாக்டர்கிட்ட.

— ஓ.

— ம்.

— ...வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துடறாங்களாம். போஸ்டர் வந்திடுச்சு. ஏதோ சண்டைப் படம்.

— சண்டைப் படத்துல சொல்றதுக்கு என்ன இருக்கு?

— ஒண்ணும் இருக்காது. அவன் அடிச்சான், இவன் விழுந்தான்.

— அதைக் கேக்கவும் நான் இருக்கப் போறதில்ல.

— ...வேலையை விடறதா மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?

— மாடியிலதான் இருக்கார். இந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுத்து முடிச்சதும் போய்ச் சொல்லிடணும். தம்பி நாளைக்கு வண்டியோட வர்றேன்னு நிக்கறான். "மாமா தவறிப் போனப்புறம் அந்த வீட்டுல தனியாக் கிடந்து என்ன பண்றே அக்கா, வேலையை விட்டுட்டு எங்களோட வந்திடு"ன்னு.

— நல்ல பையன்.

— நல்லவன்தான்.

— அப்ப... நல்லது.

— என்ன நல்லது?

— இல்ல, வயசான காலத்துல கூட நாலு பேர் இருந்தா...

— யாருக்கு வயசாயிடுச்சு?

— எனக்கு! எனக்குத்தாங்க. உங்களைச் சொல்லல.

— இன்னும் ஏதாவது சொல்லணும்னா சொல்லிடுங்க. வரிசை சேர ஆரம்பிச்சுட்டா பேச முடியாது.

— சொல்லணும்னா... டீ நல்லாருந்துச்சு.

— நல்லாருக்கும். சர்க்கரை போட்டிருக்கேன்ல.

— ஏங்க... டிக்கெட் கொடுக்கறவங்களே, ஒரு நிமிஷம்!

— வாம்மா. இன்னும் வீட்டுக்குப் போகலையா? பாப்பா தூங்கிட்டாளே!

— இப்பத் தூங்கறா! கடைசிக் கட்டம் வந்ததும் வீல்னு ஒரே கத்தல். எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. தூக்கிட்டு வெளிய வந்து, தோள்ல போட்டுத் தட்டிட்டு உள்ள போறதுக்குள்ள சனம் வெளிய வந்துடுச்சு. வீட்டுக்காரரைக் கேட்டா, "அதையெல்லாம் சொன்னா நல்லாருக்காது"ங்கறார். கடைசியில அவன் அவகிட்ட வந்தானா இல்லையா? தெரியாம எனக்கு ராத்திரி சோறு இறங்காது.

— வந்துட்டான்மா. அவளுக்கு முடி பூரா வெளுத்துப்போச்சு. அப்பத்தான் கப்பல் வந்து நிக்குது. இவன் இறங்கி வந்து அந்த நிலையத்துக் கதவைத் தட்டறான்...

— தட்டல.

— தட்டினான்.

— தட்டலைங்க. கையைத் தூக்கிட்டு வந்தான், கதவு மேல வைக்கல. அப்படியே நின்னுட்டான். அவளாத்தான் வந்து திறந்தா.

— அப்ப அந்த டக் டக்னு சத்தம்?

— அது அவ நெஞ்சு அடிச்ச சத்தம்.

— ...ஆமா. நெஞ்சுச் சத்தம்தான். நான்தான் கதவுன்னு நினைச்சுட்டேன்.

— யம்மா... எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது! நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பாத்தீங்களா? ஐயோ, அங்க வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கறார், வர்றேங்க. ரொம்ப தேங்க்ஸ்.

— பாத்துப் போம்மா. படி இருக்கு.

— தாழ்ப்பாளை எடுத்துட்டு இருந்தீங்களாக்கும்.

— நீங்க டிக்கெட் கட்டைப் பிரிச்சுட்டு இருந்தீங்களாக்கும்.

— என் வேலை அதுதானே.

— பல்லு எப்படி இருக்கு?

— பல்லுக்கு என்ன, கல்லைக் கடிக்கும். நீங்க செவ்வாய்க்கிழமை நல்லாத் தூங்கினீங்களா?

— தூங்கல. கடைத்தெரு தியேட்டருக்குப் போனேன். இதே படம், காலை ஆட்டம்.

— நானும் அந்த ஆட்டம்தான்.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— உங்களுக்குப் பின்னாடி ரெண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். தினமும் கண்ணாடி வழியாப் பாக்கற கொண்டை, இருட்டுல தெரியாமப் போயிடுமா?

— எழுந்து வந்து ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

— எழுந்தேன். மழை ஆரம்பிச்சப்ப எழுந்தேன். எத்தனை பேருக்கு உட்கார இடம் காட்டியிருக்கேன், டிக்கெட்டம்மா... என் கால் எந்தப் பக்கம் போகணும்னு எனக்குத் தெரியல. பின்னாடி இருந்தவர் "உட்காருய்யா, மறைக்குது"ன்னார். உட்கார்ந்துட்டேன்.

— உட்கார்ந்துட்டீங்க.

— விளக்கு போடறதுக்குள்ள வெளிய ஓடி வந்துட்டேன்.

— அப்புறமும் வந்து முடிவு தெரியாதுன்னு கதை விட்டீங்க.

— முடிவு தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்தச் சாக்குல நான் இந்தக் கண்ணாடிகிட்ட வந்து நிக்கறது? நீங்க மட்டும் ஏன் தெரியாதுன்னீங்க?

— நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான்.

— ...தம்பி கூப்பிடறாருன்னா, போயிட்டு வாங்க. உங்க சௌகரியம்தான் முக்கியம். நான் யாரு குறுக்க நிக்க... இல்ல. இது இல்ல நான் சொல்ல வந்தது.

— சொல்ல வந்தது என்ன?

— போகாதீங்க.

— கண்ணாடி நடுவுல இருக்கு. சரியாக் கேக்கல.

— போகாதீங்கன்னு சொன்னேன். என்கூட இருங்க.

— முதல் தடவையே கேட்டுது. இன்னொரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு.

— அப்ப மேனேஜர்கிட்ட?

— அவர்கிட்ட எனக்கு என்ன பேச்சு? தம்பிகிட்டதான் பேசணும். திங்கக்கிழமை உங்க காதுல விழற மாதிரி, "கடைத்தெருவுல நாளைக்குக் காலை ஆட்டம் இருக்காம்"னேனே... அப்பவே என் பையில ரெண்டு டிக்கெட் இருந்துச்சு. என் பக்கத்து சீட்டுல உட்கார வந்தவங்ககிட்டயெல்லாம், "ஆள் இருக்காங்க, இப்ப வந்துடுவார்"னு படம் முடியற வரைக்கும் சொல்லிட்டே இருந்தேன்.