அழிக்காமல் விட்ட கோப்பு

நான் சுத்தம் பார்க்கிறவன், முதலாளி. கடை பூட்டும்போது என் மேசையில் ஒரு குண்டூசிகூடக் கிடக்காது. அப்படிப்பட்டவன் கணினியில் ஒரு குப்பைக் கோப்பை மட்டும் ஏழு வாரம் ஏன் வைத்திருந்தான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

மோகனாவை உங்களுக்குத் தெரியும். அக்கரையில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வேடு எழுதியவள். பல்கலைக்கழகம் கேட்கும் வடிவத்தில் அதைத் தொகுத்து அட்டை போட்டு வாங்க, சனிக்கிழமைதோறும் ஃபெரி ஏறி நம் கடைக்கு வருவாள்.

முதல் வாரம் கணினியில் தொகுப்பு பாதியில் நின்றது. கட்டளை வரி ஒன்றில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது, உடனே திருத்தினேன். ஆனால் தொகுக்கும்போது கணினி தனக்காக ஒரு தற்காலிகக் கோப்பில் குறிப்பு எழுதிக்கொள்ளும். வேலை நின்றுபோனால் அந்தக் குறிப்பும் அரைகுறையாகத் தங்கிவிடும். அடுத்த முறை முதலில் அதைத்தான் படிக்கும், மறுபடி நிற்கும். அதை அழித்தால் போதும். இரண்டு விநாடி வேலை.

அழிக்கத்தான் போனேன். சன்னலோரம் அவள் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாக ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள். அட்டை ஒட்டும் நம் இக்மல், பசை தடவும்போதுகூட வாய் மூடுவதில்லை.

இன்று ஆகாது, அடுத்த வாரம் வா என்றேன்.

வந்தாள். சூடாக பிசாங் கோரெங், அதுதான் வாழைப்பழப் பஜ்ஜி, வாங்கிவந்தாள்.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டருக்கு என் மேல கோவமா?"

"கோவம் இல்லலா. பாசம்."

சிரித்தாள். பிறகு இரண்டு மணி நேரம் அமைதி. நல்ல அமைதி.

நான்காம் வாரம், வேறு கடையில் கேட்கட்டுமா என்றாள். இந்த வேலை அங்கே யாருக்கும் தெரியாது என்றேன். ஏறக்குறைய உண்மைதான். ஐந்தாம் வாரம் இக்மல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அந்தப் பழைய கோப்ப தட்டிவிட்டா ஓடிருமேண்ணே" என்றான். அட்டையைக் கவனி என்றேன். உங்களிடம் சொன்னதும் அவன்தான் என்று தெரியும்.

ஏழாம் வாரம் அவள் உட்காரவில்லை.

"திங்கக்கிழமை கடைசி நாளுண்ணே. ரெண்டு தடவ தவணை வாங்கிட்டேன். அன்னிக்கும் குடுக்கலன்னா பேர நீக்கிருவாங்க. ஆறு வருஷம்."

திரையைத் திருப்பி, நின்றுபோன இடத்தைக் காட்டினேன். என்னால் முடிந்ததெல்லாம் செய்துவிட்டேன் என்றேன். தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கோப்பை அழித்தேன். ஒரே ஓட்டம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு பிழை இல்லை. அவள் பெயரைப் பொன்னெழுத்தில் பதித்து, என் செலவில் கட்டிவைத்தேன். மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை, முதலாளி. அந்த ஏழு வாரமும் அவளுக்குத் துணையாக இருந்தவன் நான் ஒருவன்தான். ஒரு நாள் அதை அவளே புரிந்துகொள்வாள்.