இடது கதவுப் பட்டைக்கு ஓர் ஏற்புரை

துருவைக் கண்டால் துடிதுடித்துப் போகும் பழைய கார் சங்கத்தின் தலைவரும், காலையிலிருந்து பூதக்கண்ணாடியோடு வண்டி வண்டியாகக் குனிந்து இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீற்றிருக்கும் தலைமை நடுவருமாகிய ஐயா அவர்களே! பல்லைத் தேய்த்ததைவிடப் பம்பரைத் தேய்த்ததே அதிகம் என்று பெருமை பேசும் பெரியோர்களே! கணவரைக் காணோம் என்றால் போலீசுக்குப் போகாமல், வண்டிக்கு அடியில் இரண்டு கால் தெரிகிறதா என்று பார்க்கும் பொறுமைக் கடல்களாம் தாய்மார்களே! வணங்குகிறேன்.

'அசல் மாறா அழகு' என்ற முதல் பரிசு, டாக்டரம்மாவின் அறுபது வயதுக் காருக்கும், அதன் பளபளப்புப் பட்டைகளுக்கு மெருகேற்றிய எனக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் ஆகும்.

மெருகு என்றால் என்ன? மினுக்குவதா? மிரட்டுவதா? கரகரவென்று தேய்த்துக் கைதட்டல் வாங்குவதா? இல்லை ஐயா, பயம்! சுற்றுகிற பாலிஷ் சக்கரத்தின்மீது பயம்! பட்டையின் நடுப்பகுதியை அந்தச் சக்கரத்தில் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம். முனைக்கு வந்தால் மட்டும், சக்கரம் முனையைத் தாண்டி வெளியே ஓடுமாறு பிடிக்க வேண்டும். முனையை எதிர்த்து ஓட விட்டால் சக்கரம் கவ்விக்கொள்ளும். பட்டறைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. இருபத்தாறு வருடமாக மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கழுத்தறுத்தவன் நான்.

போன மாதம் அதே கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு, டாக்டரம்மா வண்டியின் இடது கதவுப் பட்டையைத் தேய்த்தேன். போனில் என்ன பேசினேன்? "நம்ம கை பட்டா தகரம்கூட வெள்ளி மாதிரி ஆயிடும்ணே" என்று பேசினேன். சக்கரம் கேட்டுக்கொண்டே இருந்தது போலிருக்கிறது. முனையைக் கவ்வியது, பட்டையைப் பிடுங்கியது, சுவரில் அடித்தது! எடுத்துப் பார்த்தால், நேராக இருந்த நாலடிப் பட்டை ஜாங்கிரி!

சிரியுங்கள், சிரியுங்கள். அந்தப் பட்டை எங்கு தேடினாலும் கிடைக்காது.

என் அண்ணி வந்தார். எங்கள் பட்டறையில் நசுங்கியதை நிமிர்த்துவது அவர் வேலை. சின்னச் சுத்தியலை அவர் தட்டினால், பக்கத்து மேசையில் தூங்குபவர் விழிக்க மாட்டார். தூங்குபவர் என் அண்ணன்தான்! ஜாங்கிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன்ல யாரு? மறுபடி கூப்பிடுறேன்னு சொல்லிட்டு வைங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் திட்டு.

பழைய இரும்புக் கடையில் செத்துக்கிடந்த ஒரு ஃபிரிட்ஜின் கதவு ஓரத்திலிருந்து எவர்சில்வர் பட்டையை உரித்தெடுத்து வந்தார். மணல் மூட்டையில் வைத்துத் தட்டி வளைவு வாங்கினார். அரத்தால் மேடு தேய்த்தார். ஈர உப்புத்தாளால் கீறல் போக்கினார். ஒன்பது நாள்! கடைசியில் சக்கரத்தில் காட்டி மெருகேற்றியது மட்டும் நான். வலப்பக்கத்து அசலோடு பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கென்ன, நம் தலைவருக்கே தெரியவில்லை! இன்று காலை பூதக்கண்ணாடியை வைத்து அரை மணி நேரம் ஆராய்ந்து என்ன தீர்ப்பளித்தார்? "இடதுதான் கம்பெனி அசல், இந்த மெருகு இப்ப யாருக்கும் வராது. வலது டூப்ளிகேட். இருந்தாலும் இந்த இடதுக்காகவே முதல் பரிசு" என்றார்! ஐயா, தண்ணீர் குடியுங்கள். யாராவது தலைவருக்கு ஒரு விசிறி கொடுங்கள்.

டாக்டரம்மாவிடம் மதியமே உண்மையைச் சொல்லிவிட்டேன். "கதவு மூடுதுல்ல? அப்ப விடுங்க" என்றார். பிரச்சினை அங்கே இல்லை. பரிசு அறிவித்ததும் அண்ணி என்னிடம் வந்து சொன்னார்: "வாயை மூடிக்கிட்டு அந்தக் கோப்பையை வாங்கினீங்கன்னா, திங்கட்கிழமையிலிருந்து வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் போனால் பட்டறை என்ன ஆகும்? நான் பேசுவேன், அண்ணன் தூங்குவான், பட்டைகள் நசுங்கியே கிடக்கும்! ஊரெல்லாம் என் கையைப் புகழ்ந்தபோது, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று பல்லிளித்தேனே, ஒரு தடவையாவது "அது அண்ணி கை" என்று சொன்னேனா? சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போது சொல்கிறேன், ஒலிபெருக்கி கிழியச் சொல்கிறேன்: இருபத்தாறு வருடமாக நீங்கள் மெச்சியது என் மெருகு, அந்த மெருகு உட்கார இடம் செய்தது அவர் சுத்தியல்!

அசலுக்கான பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் தலைவரே, அதுதான் முறை. எடுப்பதற்கு முன் மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்டு அமர்ந்திருக்கும் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இந்த மன்றம் ஒரு முறை கைதட்ட வேண்டும்.

அடடா... போதும், கூரை விழுந்துவிடும்! என்ன அண்ணி? சத்தமாகச் சொல்லுங்கள். கோப்பையின் கைப்பிடிக்குப் பின்னால் பாலிஷே படவில்லையாம்!

அது கிடக்கட்டும். திங்கட்கிழமை வருவீர்களா அண்ணி? எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

"பட்டறை போர்டுல என் பேரை எழுதுங்க. பெயின்ட் காஞ்சதும் வர்றேன்" என்கிறார்.

பேச அனுமதித்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம். பெயின்ட் கடை மூடுவதற்குள் நான் ஓட வேண்டும்.