கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர்

வெல்வெட்டை மழையில் நனையவிடக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நனைந்தால் அதன் பூ படுத்துவிடும். பிறகு எத்தனை தரம் ஆவி காட்டினாலும் எழும்பாது. உங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கிற அந்த ராசா அங்கியை இனி ஒரு மேடையிலும் பார்க்க முடியாது. எனக்கு அது கவலைதான். அதன் கழுத்துச் சரிகையை நானே இருந்து தைத்தேன்.

தேநீருக்கு நன்றி. ஆறுதலாகச் சொல்கிறேன். எழுதுகிறவருக்கும் கை வலிக்காமல் இருக்க வேண்டும்.

என் பெயர் கனகரத்தினம். கடற்படைத் துறைமுகப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிற இலிகிதராக இருந்தேன். கலியாணம் செய்யவில்லை. குடியில்லை, சீட்டாட்டம் இல்லை. எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு உடுப்பு. பள்ளிக்கூட விழாக்களுக்கும் கோயில் திருவிழா நாடகங்களுக்கும் ராசா வேண்டும், மந்திரி வேண்டும், நீதவான் வேண்டும் என்று கேட்டு என்னிடம்தான் வருவார்கள். அறை முழுக்க டிரங்குப் பெட்டிகள். நான் ஒருநாளும் மேடையில் ஏறியதில்லை. உடுப்பைத் தயாரித்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தரம் போட்டுப் பார்த்து, மடித்துக் கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான்.

ஒரேயொரு தரம் வெளியே போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பழைய கோட் ஏலத்தில் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்தேன். துறைமுக வாசலில் நிற்கிற காவற்காரன் தினமும் என்னிடம் பாஸ் கேட்கிறவன்; என் பெயரைக் கூடச் சரியாகச் சொல்லமாட்டான். அன்றைக்கு விறைத்து நின்று சலாம் அடித்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

போன ஐப்பசியில் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் எல்லாரும் வேலை போகப்போகிறது என்று அழுதார்கள். நான் வங்கியைப் பற்றி யோசித்தேன். பத்திரிகையில் மற்றவர்கள் வாசிக்காமல் புரட்டுகிற பக்கங்களை நான் வாசிப்பேன். றப்பர் விலை, தேயிலை விலை, திறைசேரியின் கையிருப்பு. பெரியகடைத் தெருவில் இருந்த தொழிலாளர் சேமிப்பு வங்கி சிறியது. துறைமுகத்துச் சனத்தின் காசில் நடந்தது. அந்தக் காசைக் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்த கொந்தராத்துக்காரருக்குத்தான் கடனாகக் கொடுத்திருந்தார்கள். கப்பல்கள் போய்விட்டன. கொந்தராத்துக்காரரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அரசாங்கம் கைகொடுத்துத் தூக்கிவிட்டால் வங்கி நிற்கும். முகாமையாளர் சோமசேகரம் அதற்காகக் கொழும்புக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். ஆனால் வாசலில் சனம் காசு கேட்டுக் கத்திக்கொண்டு நிற்கிற வங்கிக்கு எந்த மந்திரி கைகொடுப்பார்? கொழும்பு முடிவெடுக்கும்வரை சனம் அமைதியாக இருக்க வேண்டும். நான் அந்த நாட்களில் நித்திரை கொள்ளவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. ஊரில் ஒருவருக்காவது இந்தக் கவலை இருக்க வேண்டாமா?

மார்கழி தொடக்கத்தில் கதை பரவியது. சோமசேகரத்தின் மனைவி வீட்டுச் சாமான்களை லொறியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டாளாம். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலையில் வங்கி வாசலில் இருந்து கடைத்தெரு முடியும்வரை வரிசை. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கிண்ணியாவில் இருந்து முதல் தோணியில் வந்தவர்களும் நின்றார்கள். நான் வரிசையின் கடைசிவரை நடந்து பார்த்தேன். கடைசியில் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

கறுப்புக் கோட், வெள்ளைக் காற்சட்டை, கழுத்துப்பட்டி, வட்டக் கண்ணாடி. கோட் முந்தின வருடம் பள்ளிக்கூட நாடகமொன்றில் நீதவானுக்காகத் தைத்தது. மீசையை எடுத்துவிட்டேன். காதோரம் கொஞ்சம் சாம்பல் பூசினேன். கொழும்பு ரயில் வருகிற நேரம் பார்த்து ஸ்டேசனுக்குப் போய், இறங்கின ஆட்களோடு கலந்து, வாடகைக் கார் பிடித்து வங்கி வாசலில் வந்து இறங்கினேன்.

சனம் விலகி வழிவிட்டது. சோமசேகரம் உள்ளே இருந்து ஓடிவந்தார். பாவம், சட்டை முழுக்க வேர்வை. நான் இங்கிலீசில் பேசினேன். அவர் நான் எந்தத் திணைக்களம் என்று கேட்கவில்லை. பிறகு படியில் ஏறி நின்று, தமிழ் சரியாக வராத ஆளைப் போல மெதுவாகச் சொன்னேன்: "அரசாங்கம் இந்த வங்கிக்குப் பொறுப்பு எடுத்திருக்குது. ஒருவருடைய காசும் போகாது. வீட்டுக்குப் போங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். சிலர் அழுதார்கள். எடுத்த காசைத் திருப்பிக் கட்டியவர்களும் இருந்தார்கள். அப்படியோர் அமைதியை அந்தத் தெருவில் நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. அதை உண்டாக்கியவன் நான்.

பக்கீரும் அவன் மனைவி பரீதாவும் வரிசையில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

பக்கீர் தையற்காரன். பெரியகடைத் தெருவுக்குப் பின்னால் சின்னக் கடை. கடினமான வெட்டு வேலையெல்லாம் அவன்தான் எனக்குச் செய்து தருவான். கூலி பேசமாட்டான். நாடகம் பார்க்க முன்வரிசையில் ஒரு கதிரை கிடைத்தால் போதும் அவனுக்கு. எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதன் என்றும் சொல்லலாம்.

அன்றைக்குப் பின்னேரம் என் வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணன், அந்தக் கோட்டுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். நான் வெட்டின கோட் எனக்குத் தெரியாதா?"

நான் கோட்டை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்தேன்.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. பரீதாட்டயும் சொல்லல்ல. அவ காசை எடுப்பம் எடுப்பம் எண்டுதான் நிண்டா. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போன. மகள்ட வீட்டுக்கு ஓடு வாங்க வெச்ச காசு, அண்ணன். நீங்க இப்பிடி ஒரு வேலை செய்யிறண்டா உள்ளுக்கு ஏதோ நல்ல செய்தி தெரிஞ்சிரிக்கும் எண்டு நினைச்சன். அரசாங்கம் உண்மையாத்தான் பொறுப்பெடுத்திரிக்கா?"

"ஓம்," என்றேன்.

"அது போதும்," என்றான் பக்கீர். தேத்தண்ணி குடித்துவிட்டு, கிளிவெட்டிக் கோயில் நாடகத்துக்கு நான் தைத்துக்கொண்டிருந்த ராசா அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். "நல்லா வந்திரிக்கி, அண்ணன்," என்றான்.

அடுத்த கிழமை வங்கி கதவைப் பாதிதான் திறந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. சோமசேகரம் உதவி கேட்டுக் கொழும்புக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் பொறுமையாக இருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரிவரும் என்று நம்பினேன். சரிவந்திருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன்.

பக்கீருக்குப் பொறுமை போதவில்லை. மழைக்குள் நனைந்துகொண்டு வந்தான். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணன், பொய்தானே?"

"கொஞ்சம் பொறு, பக்கீர்."

"எனக்கு விளங்குது, நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. நான் உங்களோட கோவம் இல்ல. ஆனா சனத்துக்குச் சொல்லத்தான் வேணும். கொழும்புக்குப் போய் நிண்டு கேட்கட்டும். நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு பள்ளிவாசல்ல சொல்லப்போறன். உங்கட பேரைச் சொல்லமாட்டன். அந்த ஆள் உத்தியோகத்தர் இல்ல எண்டு மட்டும் சொல்றன்."

ஐயா, நீங்கள் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசலில் அந்த ஒரு வார்த்தை விழுந்தால் பின்னேரத்துக்குள் ஊர் முழுவதும் வங்கியை உடைத்திருக்கும். கொழும்பு கையை இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தில் ஊர் முழுவதும்; மற்றப் பக்கத்தில் பக்கீர். இதில் தடுமாற எனக்கு இடமிருக்கவில்லை.

"சரி, நீ சொல்றதுதான் சரி," என்றேன். "வியாழக்கிழமை கிளிவெட்டிக்கு உடுப்புக் கொண்டு போகவேணும். ராசாவாக நடிக்கிறவனுக்கு அளவு பிடிக்க நீ வராமல் ஏலாது. அதை முடிச்சுக்கொண்டு வந்து ரெண்டு பேருமாய்ப் போய்ச் சொல்லுவம்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

மேடை அங்கியின் கீழ் விளிம்பில் கொஞ்சம் ஈயம் வைத்துத் தைப்பது வழக்கம். மீன் வலைக்குக் கட்டுகிற ஈயம்தான். அப்போதுதான் வெல்வெட் காற்றில் பறக்காமல் விழுந்து நிற்கும், நடையிலும் ஒரு ராசகளை வரும். ஒரு கைப்பிடி போதும். நீங்கள் அந்தத் தட்டில் குவித்து வைத்திருப்பது ஒரு கைப்பிடி இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. புதனும் வியாழன் காலையும் இருந்து தைத்தேன். விளிம்பிலும் கை மடிப்பிலும் முதுகுப் பக்கத்திலும். தையலில் ஒரு குறை சொல்லமாட்டீர்கள்.

வியாழன் மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. கடல் மோசம் என்று, கிளிவெட்டிக்குப் போகிறவர்கள் ஏறுகிற மூதூர் லாஞ்சி ஓடவில்லை. பண்டகசாலை ஆட்களின் வள்ளம் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். எனக்குத் தண்டு வலிக்கத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நல்ல நீச்சலும் தெரியும்.

"வெல்வெட் நனைஞ்சால் போச்சு," என்று பக்கீரிடம் சொன்னேன். "நீ அங்கியைப் போட்டுக்கொள். மேலே எண்ணெய்ச்சீலையைப் போர்த்திவிடுறன்."

அவன் சிரித்தான். "நான் ராசாவா, அண்ணன்?" என்றான். கையை நீட்டினான். முதுகுப் பக்கத்துக் கயிறுகளை நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். மேடை உடுப்புகளுக்குக் கட்டு முதுகில்தான் இருக்கும். போட்டவர் தானாகக் கழற்ற முடியாது.

"பாரமா இரிக்கி," என்றான்.

"ராசா உடுப்பு அப்படித்தான்," என்றேன்.

துறைமுக வாயைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவுக்குள் போனதும் அலை பெரிதாகிவிட்டது. பக்கீர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தான். ஓடு போடாத வீட்டுக்குள் மாப்பிள்ளை வீட்டாரை எப்படிக் கூப்பிடுவது என்று பரீதா அழுகிறாளாம். ஆனாலும் உண்மையைச் சொன்ன பிறகு மனம் லேசாகிவிடும் என்றான். நான் தண்டை உள்ளே எடுத்து வைத்தேன். எழும்பி நின்று, ஒரு பக்கத்து விளிம்பில் காலை வைத்து அழுத்தினேன். அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை.

பக்கீருக்கு நீந்தத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தது. ஒரு தரமல்ல, இரண்டு மூன்று தரம் மேலே வந்தான். நான் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். அவன் கத்தவில்லை. வழக்கமாகக் கடையில் கதைக்கிற குரலில்தான் கேட்டான்.

"அண்ணன், பின்னுக்குக் கட்டை அவுத்து விடுங்க."

முதுகை எனக்குக் காட்டித் திரும்பவும் செய்தான். நான் அவிழ்ப்பேன் என்று நினைத்திருக்கிறான். கை நீட்டினால் எட்டுகிற தூரம். நான் கை நீட்டவில்லை. பிறகு மழைதான் பெய்துகொண்டிருந்தது.

கரைக்கு நீந்தி வந்து மூதூர் ஆட்களிடம் வள்ளம் கவிழ்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர்கள் எனக்கு உடுக்கச் சாரம் தந்தார்கள், சூடாகக் கோப்பி தந்தார்கள். ஒரு மனிதர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பக்கீரின் மையித்துக் கரையொதுங்கி, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுவதற்காக அங்கியை வெட்டினபோது ஈயம் உதிர்ந்த கதையைப் பரீதாவின் தம்பி றஊப் வந்து சொன்னபிறகுதானே நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பரீதா வெளி வாங்கில் குந்தியிருக்கிறாள் என்று தெரியும். நான் வரும்போது அவள் என்னைப் பார்த்து, "அண்ணன், நீங்களாவது தப்பினீங்களே," என்றாள். அவளுக்கு இன்னும் ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை போலிருக்கிறது. நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

வங்கி அந்தக் கிழமையே மூடப்பட்டது உண்மைதான். கொழும்பு கைகொடுக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்யலாம்? என்னால் முடிந்ததை நான் செய்தேன். இந்த ஊருக்காக அவ்வளவு தூரம் போக வேறு எவர் துணிந்திருப்பார்?

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓம், என்னுடைய சேமிப்பும் அந்த வங்கியில்தான் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். உத்தியோகத்தர் வந்துபோன அன்றைக்கே, மத்தியானம், என் சொந்த உடுப்பில் போய் எடுத்தேன். மீசை இல்லாததைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு இலிகிதரின் காசை எடுத்ததால் ஒரு வங்கி விழுந்துவிடாது, ஐயா. காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. வரிசையில் ஒருவரும் நிற்கவில்லை.