பையனை வரச் சொல்லுங்க

இல்ல சார், நீங்க கையெழுத்துப் போட்டா செல்லாது. பையன்தான் வரணும். உக்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க. இந்த மாடிப்படி அப்படி.

எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம்னு சொல்லத்தான் காலேஜ்ல என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க. சொல்றேன், கேட்டுக்கங்க. இன்ஜினியரிங் சேரணும்னா பிசிக்ஸ் முடிச்சிருக்கணும். பிசிக்ஸ்ல உக்காரணும்னா அதுக்கு முன்னாடி கணக்கு முடிச்சிருக்கணும். அந்தக் கணக்கு வகுப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான். வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கலைன்னா அவனுக்கு ஒரு வருஷம் போச்சு. காலையில இருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு எனக்கு.

என்னது, நாங்க கணக்கை அப்புறமா எழுதிக்கலாம்னு இருந்தோமா? யாரு சார் அந்த நாங்க? பரீட்சை ஹால்ல நீங்களும் பக்கத்துல உக்காரப் போறீங்களா? கோவிச்சுக்காதீங்க. இங்க வர்ற அப்பா அம்மா எல்லாருமே அப்படித்தான் பேசுறாங்க. போன வாரம் ஒரு அம்மா, நாங்க கெமிஸ்ட்ரில பெயிலாயிட்டோம்னு அழுறாங்க. பொண்ணு பக்கத்துல போனை நோண்டிட்டு இருக்கா.

கூச்சப்படுவானா? படட்டுமே. எதை விட்டா எது கைநழுவிப் போகும்னு அவன் வாயால கேட்டாத்தான் அவன் மண்டையில ஏறும். உங்ககிட்ட சொன்னா உங்க தூக்கம்தான் கெடும். அவன் நல்லா இழுத்துப் போத்திட்டுத் தூங்குவான்.

எனக்குப் பிள்ளைங்க இருக்கான்னு கேக்குறீங்களா? ஊருக்கு உபதேசம்னு நினைக்கிறீங்க. நினைக்கலாம், தப்பில்ல. ஒரே பொண்ணு சார். வெளிய பெஞ்சுக் கடைசியில நீலப் பையை மடியில வச்சிட்டு இருந்தாளே, அவதான். எல்லாரையும் மாதிரி டோக்கன் எடுத்துட்டு உக்காந்திருக்கா. நர்சிங் வேணுமாம், ஸ்கூல்ல கணக்கை விட்டவளுக்கு. அவளுக்கும் இந்த வெள்ளிதான் கெடு. என்ன செய்யணும்னு வீட்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இன்னைக்கு ஒரே பஸ்லதான் வந்தோம், அவ முன்னாடி, நான் பின்னாடி. இறங்கும்போது சொல்றா, அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா, நானே கேட்டுக்குறேன்.

பயமாத்தான் இருக்கு. கேக்க வேண்டியதை விட்டுட்டு பாதியில எந்திரிச்சுப் போயிடுவாளோன்னு.

சரி, பையனை நாளைக்கே அனுப்புங்க. போகும்போது கதவைச் சாத்த வேணாம், அடுத்து அவதான். பேரு வச்சவளே பேரு என்னம்மான்னு கேக்கணும்.