மெஹிடபலுக்கு வந்த வெளியேற்ற உத்தரவு

அவையை நடத்தும் தலைவர் அமாசா அவர்களே! கடலை வென்று கரை திரும்பிய பெரியோர்களே! திரும்பாதவர்களுக்காகக் காத்துக் காத்துக் கண்பூத்துப்போன தாய்மார்களே! பீப்பாய் கட்டும் ரூபன் பேசுகிறேன். வணக்கம் சொல்ல வாய் திறந்தால், வயிற்றெரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது.

இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் எல்கானா தர்லோவைப் பாஸ்டன் சட்டமன்றத்துக்கு அனுப்பலாமா என்று கைதூக்கிச் சொல்லக் கூடியிருக்கிறோம். உப்புமீன் விற்று உயர்ந்தவர். இங்கிலாந்துத் தேயிலையைத் தொடமாட்டேன் என்று ஊரிலேயே முதலில் கையெழுத்துப் போட்டவர். அன்று தொப்பியை வீசி ஆர்ப்பரித்தவர்களில் நானும் ஒருவன்.

அதே கை சென்ற வாரம், ஊர் நிர்வாகி என்ற முறையில், எதில் கையெழுத்துப் போட்டது? அவருடைய கப்பலிலிருந்து கடலில் விழுந்து மாண்டானே ஜோத்தம், அவன் மனைவி மெஹிடபல் நாளைக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்ற உத்தரவில்! இங்கே பிறக்காத ஏழைக்கு இந்த ஊர் ரொட்டி போடக்கூடாதாம்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பாஸ்டனுக்காகத் தைத்த புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டம்ப்பா ரூபன், நான் என்ன பண்றது?" என்றார்.

"நீங்க எந்த ஊர்லங்க பொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் வந்தப்பவே நாலு பேருக்கு வேலை குடுத்தேன்" என்றார்.

அந்த நாலு பேரில் ஒருவன் ஜோத்தம், ஐயா! ஜோத்தம்!

என்ன, பின்வரிசை நண்பரே? சட்டம் என்றால் சட்டம்தானா? இங்கிலாந்து மன்னன் தேயிலைக்கு வரி போட்டதும் சட்டம்தான். மதித்தோமா? மண்டியிட்டோமா? மன்னனுக்கே அடங்காத ஊர், ஒரு விதவையை விரட்டவா சட்டப் புத்தகத்தைத் தூக்குகிறது? வெட்கமாக இருக்கிறது எனக்கு.

மெஹிடபல் நேற்றே மூட்டை கட்டிவிட்டாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அவருக்குக் கல்லறைகூட இல்லண்ணே. இந்தத் துறைதான் இருக்கு. இதையும் விட்டுட்டு எங்க போவேன்?"

இந்த ஊரில் பிறக்காதவர்களே, எழுந்து நில்லுங்கள்! நான் பிறக்கவில்லை, நிற்கிறேன். தலைவரே, நீங்களுமா? மாடத்தில் இத்தனை தாய்மார்களா? அடடா, இங்கே பிறந்தவர்களும் எழுகிறீர்களே! நாளை மெஹிடபலை ஏற்ற வண்டி வரட்டும், நம் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போகட்டும்! அந்த உத்தரவு கிழியும்வரை எல்கானாவுக்காக என் கை உயராது, உயராது, உயராது!

நிற்கும் அனைவருக்கும் என் நன்றி. முன்வரிசையில் இன்னும் உட்கார்ந்தே இருக்கும் அந்த ஒருவருக்கு, என் வணக்கம்.